ஏழு நிமிடம் யாருடையது?

டிராஃபிக்கைத் தவிர்ப்பது என்று ஒன்று கிடையாது. அதை அடுத்தவர் வாசலில் இறக்கிவிட்டுப் போவது என்றுதான் ஒன்று உண்டு. அதற்கு இப்போது இனிமையான குரலில் பேசுகிற, காசு கேட்காத ஒரு ஆப் இருக்கிறது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கிற யாருக்கும் சாயங்காலச் சடங்கு தெரியும். லேப்டாப்பை மூடுமுன் மேப்பைத் திறக்க வேண்டும். சாலை ஆரஞ்சா, சிவப்பா, ரத்தம் உறைந்த மாதிரிக் கருஞ்சிவப்பா என்று பார்க்க வேண்டும். அதற்குள் வாட்ஸாப் குரூப்பில் செய்திகள் வந்து விழும். "துரைப்பாக்கம் சிக்னல் மொத்தமா பிளாக்." "டைடல் பக்கம் யாரும் வந்துடாதீங்க." "பெருங்குடி உள்ள பூந்து வந்துட்டேன், செம கிளியர்." இந்தக் கடைசிச் செய்தியை அனுப்பியவர்தான் அன்றைய ஹீரோ. நாலைந்து கட்டைவிரல்கள் உயரும். கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருவில் வண்டிகள் பம்பரோடு பம்பர் உரசி நிற்கும். அப்போது இன்னொருவர் இன்னொரு தெருவைக் கண்டுபிடிப்பார்.

இந்த ஹீரோ கெட்டவர் இல்லை. வீட்டில் குழந்தை காத்திருக்கிறது, இடுப்பு வலிக்கிறது, ராத்திரி ஒன்பது மணிக்கு அமெரிக்கக்காரனோடு கால் இருக்கிறது. ஏழு நிமிடம் மிச்சம் என்று ஆப் சொன்னால் யாருக்குத்தான் கை போகாது? ஆனால் அந்த ஏழு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று நாம் யாரும் கேட்பதில்லை. நேரம் மரத்தில் காய்ப்பதில்லை. ஒருவருக்கு மிச்சமானால் அநேகமாக வேறொருவரிடமிருந்து அது எடுக்கப்பட்டிருக்கிறது. யாரிடமிருந்து என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் அந்தச் சிவப்புக் கோடு என்ன என்று பார்த்துவிடலாம். 2020 தொடக்கத்தில் சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மானியக் கலைஞர் ஒரு வீடியோ வெளியிட்டார். 99 பழைய ஸ்மார்ட்போன்களை ஒரு சின்னக் கைவண்டியில் போட்டுக்கொண்டு பெர்லின் தெருக்களில் பொடிநடையாக இழுத்துப் போகிறார். தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. கூகுள் மேப்பில் மட்டும் அது பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது. பார்த்தவர்கள் ஆப்பை ஏமாற்றிவிட்டார் என்று சிரித்தார்கள். எனக்கு அதில் வேறொரு பாடம் தெரிந்தது. மேப்பில் நாம் பார்க்கும் டிராஃபிக் என்பது மெதுவாக நகரும் போன்கள். அதில் நம் போனும் ஒன்று. "இன்னைக்கு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவரும் அந்தச் சிவப்பில் ஒரு புள்ளிதான். மழையில் மாட்டிக்கொள்வதுபோல யாரும் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வதில்லை. மழை வெளியிலிருந்து வருகிறது. டிராஃபிக் நாம் கொண்டுவருவது.

இதை மென்பொருள்காரர்களிடம் சொன்னால் ஒரு பதில் ரெடியாக இருக்கும். "ப்ரோ, அது லோட் பேலன்சர். ஒரே சர்வர்ல எல்லா ரிக்வெஸ்டும் விழுந்தா தொங்கிடும். பிரிச்சு விட்டா எல்லாருக்கும் நல்லது." கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. நானும் அந்தத் தொழில்தான் செய்கிறேன், அதனால் அந்த உவமை எங்கே உடைகிறது என்று சொல்ல முடியும். லோட் பேலன்சர் வேலை செய்வதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, பின்னால் இருக்கும் சர்வர்கள் அந்த வேலைக்கென்றே வைக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். இரண்டு, அது மொத்த அமைப்பையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பெருங்குடியின் உள்தெரு நம் கார்களுக்காகக் காத்திருக்கும் காலி சர்வர் இல்லை. அங்கே ஏற்கெனவே ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் வாழ்க்கை. ஆப் மொத்த ஊரையும் பார்த்தா முடிவெடுக்கிறது? அது உங்களிடம் கேட்பது நீங்கள் எங்கே போக வேண்டும் என்ற ஒன்றைத்தான். காட்டுவது உங்களுக்கு வேகமான வழி. ஊருக்கு எது நல்ல வழி என்று நீங்கள் கேட்கவுமில்லை, அது சொல்லவுமில்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள வித்தியாசம் பழையது. 1952-இல் வார்ட்ராப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொருவரும் தனக்குக் குறைந்த நேரம் ஆகும் வழியைத் தேடினால் கடைசியில் ஒரு சமநிலை வரும். யாரும் தனியாக வழியை மாற்றி லாபம் பார்க்க முடியாத நிலை அது. எல்லோருடைய சராசரிப் பயண நேரமும் மிகக் குறைவாக இருக்கும் நிலை இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தனித்தனியாகப் புத்திசாலிகள் சேர்ந்து மொத்தமாக முட்டாளாக முடியும்.

எப்படி என்பதை 1968-இல் டீட்ரிக் பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் காட்டினார். கணக்கு சின்னதுதான், போட்டுப் பார்க்கலாம். ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 4000 வண்டிகள் போகின்றன. வழிகள் இரண்டு. ஒவ்வொரு வழியிலும் ஓர் அகலமான பகுதி உண்டு. அதில் எத்தனை வண்டி வந்தாலும் 45 நிமிடம். ஒரு குறுகலான பகுதியும் உண்டு; அதில் நூறு வண்டிக்கு ஒரு நிமிடம் என்று நேரம் ஏறும். முதல் வழியில் குறுகல் ஆரம்பத்தில் வருகிறது, இரண்டாவதில் கடைசியில். வண்டிகள் பாதிப் பாதியாகப் பிரிந்தால் ஒவ்வொருவருக்கும் 20-உம் 45-உம் சேர்ந்து 65 நிமிடம்.

இப்போது இரண்டு வழிகளையும் நடுவில் இணைக்கும் ஒரு குறுக்குத் தெருவை யாரோ கண்டுபிடிக்கிறார். அதைக் கடக்க நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்வோம். முதல் குறுகலில் நுழைந்து, குறுக்கே பாய்ந்து, இரண்டாவது குறுகலில் ஏறினால் அகலப் பகுதியின் 45 நிமிடம் மிச்சம். முதல் நாள் கண்டுபிடித்தவருக்கு 40 நிமிடத்தில் வீடு. இவர்தான் நம் ஹீரோ. இவர் குரூப்பில் சொல்கிறார். ஆப் கற்றுக்கொள்கிறது. எல்லோரும் அதே வழியில் வருகிறார்கள். 4000 வண்டியும் இரண்டு குறுகல்களையும் கடக்க 40-உம் 40-உம் சேர்ந்து 80 நிமிடம். முன்பு 65. சரி, பழைய வழிக்கே திரும்பிவிடலாமே? ஒருவர் மட்டும் திரும்பினால் அவருக்கு 85. எனவே யாரும் திரும்ப மாட்டார்கள். ஆப்பும் "இதுவே வேகமான வழி" என்றுதான் சொல்லும். அது பொய்யும் சொல்லவில்லை. எல்லோருக்கும் பதினைந்து நிமிடம் போயிற்று, ஒவ்வொருவருக்கும் தான் ஜெயித்த மாதிரி ஒரு நினைப்பு.

எல்லாக் குறுக்குத் தெருவும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நான் சொல்லவில்லை. குறுக்குவழி என்பது இயல்பிலேயே எல்லோருக்கும் நல்லது என்ற நம்பிக்கை தவறு என்கிறேன். அது ரகசியமாக இருக்கும்வரைதான் குறுக்குவழி. எல்லோர் கையிலும் ஆப் வந்தபிறகு அது வெறும் தெரு. அதுவும் சின்னத் தெரு.

அந்தச் சின்னத் தெருவில் இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது? அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லியோனியா என்று ஒரு சிற்றூர். நியூயார்க்குக்குள் நுழையும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாலத்தில் நெரிசல் வந்தால் ஆப்கள் வண்டிகளை அந்த ஊர்த் தெருக்களுக்குள் திருப்பிவிட்டன. தன் வீட்டு வாசலிலிருந்து தன் காரையே வெளியே எடுக்க முடியவில்லை என்று மக்கள் புகார் சொன்னார்கள். 2018 ஜனவரியில் அந்த ஊர் நிர்வாகம் சுமார் 60 தெருக்களை நெரிசல் நேரத்தில் வெளியூர் வண்டிகளுக்கு மூடியது. மீறினால் 200 டாலர் அபராதம். விஷயம் கோர்ட்டுக்குப் போய், மாநிலத்தின் அனுமதி இல்லாமல் போட்ட சட்டம் செல்லாது என்று அதே ஆண்டு தீர்ப்பும் வந்தது. ஆனாலும் கவனியுங்கள்: அந்த ஊருக்கு ஒரு மேயர் இருந்தார், ஒரு கவுன்சில் இருந்தது, கோர்ட் வரைக்கும் போக ஒரு குரல் இருந்தது.

நம் ஓஎம்ஆரின் உள்தெருக்களுக்கு என்ன இருக்கிறது? கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள் வருவதற்கு முன்பே இருந்த ஊர்கள். அந்தத் தெருக்கள் ஆள் நடக்க, மாடு போக, வாசலில் நாற்காலி போட்டு உட்காரப் போடப்பட்டவை. பிளாட்ஃபார்ம் கிடையாது. ஒருபக்கம் மூடாத கால்வாய், மறுபக்கம் தண்ணீர் லாரி. டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் நடுத்தெருவில்தான் நடக்கும், வேறெங்கே நடப்பது? இந்தியாவுக்கென்றே 2017 டிசம்பரில் கூகுள் மேப்பில் டூவீலர் மோடு வந்தது. கார் நுழையாத வழியும் பைக்குக்குக் கிடைக்கும். ஆக, இப்போது சந்துகூட மிச்சமில்லை. அந்தச் சந்தில் கோலி ஆடுகிற பையனுக்கு நம் ஏழு நிமிடத்தில் பங்கு உண்டா? அவன் கொடுத்தது நிமிடமில்லை, தெரு.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆப் இருக்கும் கார் வளையும். பைக் நெளியும். பேருந்து வளையாது, நெளியாது. அதன் ரூட் அதன் நெற்றியில் எழுதியிருக்கிறது. 102, 19, 570 எதுவானாலும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று, அதே சாலையில்தான் போக வேண்டும். அடுத்த ஸ்டாப்பில் ஒரு அம்மா கூடையோடு காத்திருக்கும்போது டிரைவர் அண்ணன் உள்தெருவில் திருப்ப முடியாது. நீலக்கோட்டைப் பிடித்து உள்ளே போன நம் ஆள் என்ன செய்கிறார்? ஒரு கிலோமீட்டர் தாண்டி அதே சாலையில் வந்து ஏறுகிறார். எங்கே? அந்தப் பேருந்துக்கு முன்னால். மூக்கை நுழைத்து, ஹார்ன் அடித்து. அறுபது பேரை ஏற்றி வரும் வண்டி, ஒரே ஒருவர் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு வழிவிட்டு நிற்கிறது. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் பின்வாசல் வழியாகப் போய் முன்னால் நின்றால் நாம் என்ன பேசுவோம்? இங்கே அதற்குப் பெயர் ஸ்மார்ட் ரூட்டிங்.

அந்த அறுபது பேர் யார் என்பதும் முக்கியம். 2000-ஆம் ஆண்டையொட்டி உருவான கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு வளர்ந்த செம்மஞ்சேரி, அதற்குப் பின் பெரும்பாக்கம் என்று நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்களை இந்தச் சாலையின் ஓரத்தில்தான் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வீட்டு வேலை, கடை வேலை, கட்டட வேலை என்று அவர்களில் பலருடைய பிழைப்பு பழைய இடத்திலேயே இருந்தது. இடையிலிருக்கும் தூரத்தை அடைப்பது பேருந்துதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது எத்தனை வீடுகளின் பட்ஜெட்டை மாற்றியது என்பது ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பேருந்து ஸ்டாப்புக்கு எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பது முன்னால் நிற்கும் கார்களின் வரிசை. கட்டணத்தை அரசு எடுத்துவிட்டது. நேரத்தை நாம் வசூலித்துக்கொண்டிருக்கிறோம்.

"அதெல்லாம் சரி, நாங்க சும்மா இருக்கலையே, ட்விட்டர்ல கிழிச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்" என்பீர்கள். ஆமாம், கிழிக்கிறோம். அதைப் பற்றியும் பேச வேண்டும். நெரிசலில் நின்றபடி ஒரு போட்டோ, போக்குவரத்துக் காவல்துறைக்கு ஒரு டேக், கீழே ஒரு கேலி வரி. சில சமயம் பதிலும் வரும், சமயத்தில் ராங் சைடில் வந்தவனுக்கு அபராதமும் விழும். சிக்னல் வேலை செய்யவில்லை, பள்ளம் இருக்கிறது, மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்பு சாலையை விழுங்கிவிட்டது என்பவையெல்லாம் நியாயமான புகார்கள்தான். ஆனால் நூறு பதிவுகளைப் படித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: என் வண்டி போக வழி விடு. பேருந்துக்குத் தனித் தடம் கொடு என்று நம்மில் எத்தனை பேர் டேக் செய்திருக்கிறோம்? 102 ஏன் இன்னும் அடிக்கடி வரவில்லை என்று எத்தனை பேர் திட்டியிருக்கிறோம்? நாம் அதில் ஏறுவதில்லை, அதனால் அது வராதது நமக்குத் தெரிவதே இல்லை.

ஊரில் அதிகம் சத்தம் போடத் தெரிந்தவர்கள் நாம். ஆங்கிலம் இருக்கிறது, டேட்டா இருக்கிறது, கிராஃப் போடத் தெரியும், மீம் போடத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தின் மொத்தக் கோபத்தையும் ஏழு நிமிடச் சலுகை கொடுத்து ஆப் தணித்துவிடுகிறது. சாலை எல்லோருக்கும் சமமாக மோசமாக இருந்திருந்தால் நாம் கூடிக் கேட்டிருப்போம். தனித்தனியாகத் தப்பிக்க வழி கிடைத்ததால் தனித்தனியாகத் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

சத்தம் போடத் தெரிந்தவர்கள் எதிர்ப்பக்கம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி சாட்சி. 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. பேருந்துக்குத் தனித் தடம் போட்டார்கள். அதில் குறைகள் இருந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுந்த கூச்சல் பெரும்பாலும் காரிலிருந்து வந்தது: எங்கள் தடம் குறுகிவிட்டது! 2016-இல் அதை இடித்தே விட்டார்கள். சரிசெய்ய வேண்டியதைச் சமாதி கட்டினார்கள். நம் ஓஎம்ஆர், மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கி.மீ., ஆறுவழிச் சாலையாக 2008-இல் தயாரானது. ஆறில் ஒரு தடம்கூடப் பேருந்துக்கென்று இல்லை. வண்டிகளை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே குறி என்று இந்திய அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. கொள்கை பத்திரமாகக் காகிதத்தில் இருக்கிறது.

எதிர்க்கேள்விகள் தெரியும். "பஸ் நல்லா இருந்தா நாங்க ஏன் கார் எடுக்கப் போறோம்?" பேருந்து நன்றாக இல்லாததற்குக் காரணங்களில் ஒன்று, அதற்கு முன்னால் நிற்கும் உங்கள் கார். "நான் ஒருத்தன் உள்தெருவுல போகலைன்னா எல்லாம் சரியாகிடுமா?" ஆகாது. பிரேஸின் கணக்கே அதைத்தான் சொல்கிறது: தனி ஒருவர் திரும்பினால் அவருக்கு நஷ்டம் மட்டுமே. அதனால்தான் இது ஒழுக்கப் பிரசங்கத்தால் தீராது, விதியால்தான் தீரும். "ஆப்பே வேணாம்ங்கறீங்களா?" இல்லை. ராத்திரி கேபில் வரும் பெண் வீட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்புகிறார். தெரியாத ஊரில் ஆஸ்பத்திரி தேடுகிறவருக்கு மேப் உயிர். வெள்ளத்தில் எந்தச் சாலை முழுகியிருக்கிறது என்று மக்களே ஒருவருக்கொருவர் சொல்லிப் பிழைத்த ஊர் இது. சமூக ஊடகத்தின் மிக நல்ல முகத்தை 2015 டிசம்பரில் பார்த்தவர்கள் நாம். டெலிவரி பையன் சந்தில் புகுவது அவன் ஆசைக்காக இல்லை, அவன் தலைக்கு மேல் ஓடும் கடிகாரத்துக்காக. அவனை இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

நான் கேட்பது நாலே விஷயம். பள்ளி விடும் நேரத்திலும் மாலையிலும் குடியிருப்புத் தெருக்களைக் கடந்துபோகும் வழியாகக் காட்டக் கூடாது என்று மாநகராட்சி சொல்ல வேண்டும், ஆப் நிறுவனங்கள் கேட்க வேண்டும். அங்கே வீடு இருப்பவருக்கு வழி காட்டட்டும், கடந்துபோகிறவருக்கு வேண்டாம். ஒரு தெருவை ஒன்வே என்று குறிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு இது முடியாத காரியமில்லை. இரண்டாவது, நம் போன்கள் நாள் முழுக்கக் கொடுக்கிற வேகத் தகவல் பேருந்து நேரத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அது நம்மிடமிருந்து எடுக்கப்பட்டது. மூன்றாவது, மெட்ரோ வேலை முடிந்து தடுப்புகளை எடுக்கும் நாளில், திரும்பக் கிடைக்கும் தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்க வேண்டும். அன்றைக்கு விட்டால் அது கார்களால் நிரம்பிவிடும், பிறகு பிடுங்க முடியாது. நான்காவது நமக்கு. பத்தாயிரம் பேரை ஒரே மணிக்கு உள்ளே வரவும் ஒரே மணிக்கு வெளியே போகவும் சொல்லும் கம்பெனிகளிடம், ஷிஃப்டைப் பிரியுங்கள், கம்பெனி பஸ்ஸைக் கூட்டுங்கள் என்று டவுன்ஹால் மீட்டிங்கில் எழுந்து கேட்க வேண்டும். ஸ்டாக் ஆப்ஷன் பற்றிக் கேட்கிறோம் இல்லையா, அதே வாயால்.

இந்த நான்கும் நடந்தால் உங்களுக்கு ஏழு நிமிடம் மிச்சமாகுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சில நாள் இரண்டு நிமிடம் கூடலாம். 102-இல் நின்றுகொண்டே வரும் பெண்ணுக்கு இருபது நிமிடம் குறைந்தால் அந்த இரண்டு நிமிடத்தைத் தருவீர்களா என்பதுதான் கேள்வி. அதற்கு வழி காட்டும் ஆப் இன்னும் வரவில்லை. நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.